கடலுக்குப் பூட்டுப் போட்ட ஊர்

போன மே மாசம் அம்மாவோட மீன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வஞ்சிரம் விலையைக் கேட்டதும் அம்மா ரெண்டடி பின்னாடி நகர்ந்துட்டாங்க. மீன்கார அக்காவுக்கு இது பழகின காட்சி போல. "தடைக்காலம்மா. பெரிய போட்டு எதுவும் கடலுக்குப் போகல. ஜூன் பாதிக்கு மேல வாங்க, விலை இறங்கும்"னு சொன்னாங்க. அம்மா கொஞ்சம் சங்கராவும் நெத்திலியும் வாங்கிட்டு வந்துட்டாங்க. எனக்குத்தான் மண்டைக்குள்ள ஒரு கேள்வி மாட்டிக்கிச்சு. கடலைப் பூட்டி வைக்கலாம்னு முதல்ல யார் யோசிச்சிருப்பாங்க? பூட்டினா நிஜமாவே மீன் பெருகுமா? அப்படிப் பூட்டினா, சாவி யார் கையில இருக்கணும்?

இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சு நான் போய்ச் சேர்ந்த இடம், பசிபிக் கடலுக்கு நடுவில் இருக்கிற பிஜித் தீவுகள். இன்னைக்கு அங்க இருக்கிற ஒரு சின்ன கிராமத்தோட கதையைத்தான் சொல்லப் போறேன். கதாநாயகன் மீன்கூட இல்லை. மட்டி. சேற்றுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற ஒரு சிப்பி.

வார்த்தையிலிருந்து ஆரம்பிப்போம்

பிஜி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பாரதியார். அங்கே கரும்புத் தோட்டங்களில் தவித்த பெண்களைப் பற்றி அவர் எழுதிய பாட்டு நமக்குத் தெரியும். அந்தக் கரும்புத் தோட்டத்துக்கும் இந்த மட்டிக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதலில் மூன்று சொற்கள். ஒன்று 'வனுவா'. நிலம் என்று மொழிபெயர்ப்பார்கள். ஆனால் பிஜி மக்கள் வனுவா என்று சொன்னால் அதில் நிலம், அந்த நிலத்து மனிதர்கள், அவர்களுடைய வழக்கங்கள் எல்லாம் சேர்ந்துதான் வரும். கடலும் அதற்குள் அடக்கம். நாம ஊருன்னு சொல்றோமே, அது மாதிரி. "ஊரே கூடிடுச்சு"ன்னா மண்ணா கூடுது? மனுஷங்கதானே.

இரண்டாவது 'ங்கோலிங்கோலி'. ஒரு குலமோ சில ஊர்களோ வழிவழியாக மீன் பிடித்து வரும் கடல் பகுதிக்கு இந்தப் பெயர். கரையிலிருந்து பவளப்பாறையின் வெளி விளிம்பு வரை பொதுவாக இதன் எல்லை. நமக்கு வெறும் நீலமாகத் தெரியும் இடத்தில் அவர்களுக்கு வரப்பும் வாய்க்காலும் தெரியும். இன்றைக்கு நானூறுக்கும் மேற்பட்ட ங்கோலிங்கோலிகள் அங்கே அரசுப் பதிவேட்டில் இருக்கின்றன.

மூன்றாவது 'தம்பு'. எழுத்தில் 'tabu' என்பதைத் தமிழ் எழுத்தில் 'தபு' என்று எழுதலாம். பிஜி மொழியில் அந்த 'ப'வுக்கு முன்னால் ஒரு 'ம்' தானாக ஒலிக்கும், அதனால் தம்பு. புனிதமானது, தொடக்கூடாதது என்று பொருள். ஆங்கிலத்தில் 'டபூ' என்கிறோமே, அது பிஜிக்குப் பக்கத்துத் தீவுநாடான டோங்காவில் 1777-இல் கேப்டன் குக் கேட்டுக் கொண்டுபோன சொல். இரண்டும் ஒரே வேர்.

பெரிய தலைவர் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய ங்கோலிங்கோலியில் ஒரு பகுதியைத் தம்பு என்று அறிவிப்பார்கள். நூறு இரவுகள் அங்கே யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள். நூறு முடிந்ததும் திறந்து, கிடைப்பதைப் பிடித்து ஊருக்கே விருந்து. துக்கமும் முடியும், விருந்துக்கு மீனும் சேர்ந்திருக்கும். இதைக் கடல் பாதுகாப்புன்னு அவங்க யாரும் அன்னைக்குப் பேர் வைக்கல. ஆனா கொஞ்ச நாள் விட்டா கடல் திருப்பித் தரும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

வழக்கம் எப்படித் தேய்ந்தது?

1874 அக்டோபர் 10. லெவுகா என்ற துறைமுகத்தில் பிஜியின் தலைவர்கள் தங்கள் தீவுகளைப் பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டே தட்டம்மை வந்தது. அந்த நோயையே பார்த்திராத மக்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பேர் இறந்துபோனார்கள். அப்படி ஒரு சாவு விழுந்தால் மனிதர்களோடு சேர்ந்து அவர்களுக்குத் தெரிந்ததும் போகும். எந்த மாதத்தில் எந்தப் பாறை இடுக்கில் மீன் முட்டையிட வரும் என்பதெல்லாம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வாய்வழியாகத்தானே வந்தது.

கடலின் சட்டமும் மாறியது. கடலடி நிலம் அரசுக்குச் சொந்தம், மீன் பிடிக்கும் உரிமை மட்டும் ஊருக்கு என்று பிரித்தார்கள். நிலத்தைப் பொறுத்தவரை, 1875-இல் வந்த கவர்னர் ஆர்தர் கார்டன் பிஜி மக்களின் நிலத்தை வெளியாருக்கு விற்பதைத் தடுத்தார், அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கவும் விடவில்லை. சரி, அப்போ கரும்பை யார் வெட்டறது? கப்பல் கப்பலாக இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். 1879-க்கும் 1916-க்கும் இடையில் சுமார் 60,000 பேர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. பாரதியார் பாட்டில் வருபவர்கள் இந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள்தான்.

இருபதாம் நூற்றாண்டில் மிச்சத்தைப் பணம் பார்த்துக்கொண்டது. நைலான் வலை வந்தது, படகுக்கு மோட்டார் வந்தது, தலைநகர் சுவாவில் மீனுக்குச் சந்தை வந்தது. பள்ளிக் கட்டணம், துணி, மண்ணெண்ணெய் எல்லாத்துக்கும் காசு வேணும். காசுக்குக் கடல்தான் வழி. சாப்பாட்டுக்குப் பிடித்தவரை தாங்கிய கடல், விற்பனைக்குப் பிடிக்கத் தொடங்கியதும் தாங்கவில்லை.

இது பசிபிக் முழுக்க நடந்த கதை. ராபர்ட் ஜோஹன்னஸ் என்று ஒரு கடல் உயிரியலாளர். 1970-களில் பலாவ் தீவுகளுக்குப் போய், அங்கிருந்த மீனவர்களிடம் மாணவனாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நிலாவின் வளர்பிறை தேய்பிறையை ஒட்டி எந்த மீன் எப்போது, எங்கே கூடி முட்டையிடும் என்று அவர்கள் சொன்ன பட்டியல், விஞ்ஞான நூல்களில் அதுவரை இருந்ததைவிட நீளமாக இருந்தது. அதே ஜோஹன்னஸ் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகளில் மரபான கடல் பாதுகாப்பு முறைகள் எப்படி அழிந்துபோயின என்பதுதான் அதன் பொருள். கிட்டத்தட்ட ஒரு இரங்கல் குறிப்பு.

இந்தக் கட்டுரையை மனசுல வெச்சுக்குங்க. திரும்ப வருவோம்.

அரை மூட்டை மட்டி

பிஜியின் பெரிய தீவு விட்டி லெவு. அதன் கிழக்குக் கரையில் வெராட்டா என்ற வட்டாரம். அங்கே உதுனிவனுவா என்று ஒரு கிராமம். 'உது' என்றால் மூக்கு. நிலத்தின் மூக்கு, அதாவது முனை. நம்ம ஊர்ல முனைன்னு முடியற எத்தனை கடற்கரைப் பேர் இருக்கு, அதே கணக்கு.

ஊருக்கு முன்னால் பரந்த சேற்றுத்திட்டு, அதில் கடற்புல். அந்தச் சேற்றில்தான் 'கைகோசோ' என்ற மட்டி இருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்கள் இறங்கி, சேற்றைத் துழாவி எடுப்பார்கள். வீட்டுக்கும் ஆச்சு, சந்தைக்கும் ஆச்சு. முன்பெல்லாம் சில மணி நேரத்தில் பல மூட்டைகள் சேரும். 1990-களில் நாள் முழுக்கக் குனிந்து நின்றாலும் அரை மூட்டை தேறுவதே பெரும்பாடு. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பெரிய மட்டியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னேன். கடல் காலியாவது முதலில் தெரிந்தது கப்பலில் வந்த ஆய்வாளருக்கு இல்லை. இடுப்பு வலியோட வீட்டுக்கு வந்த பெண்களுக்கு. மூட்டைதான் அவங்களோட அளவுகோல்.

அந்தச் சமயத்தில் வெராட்டா தலைவரின் மகன், சுவாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கும் பிரச்சினையைத் தன் ஆசிரியர்களிடம் சொல்லி உதவி கேட்டார். அவர்கள் வந்தார்கள். உடனே எதையும் செய்துவிடவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஊர்க்கூட்டம், பயிற்சி, பேச்சு. எது குறைஞ்சிருக்கு, ஏன் குறைஞ்சிருக்கு, என்ன செய்யலாம் என்பதை ஊர்க்காரர்களே சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னார்கள். பழைய தம்புதான் வழி என்று முடிவானது. 1997-இல் ஊருக்கு நேர் எதிரே 24 ஹெக்டேர் சேற்றுத்திட்டையும் கடற்புல்லையும் மூன்று ஆண்டுகளுக்குத் தம்பு என்று முறைப்படி அறிவித்தார்கள். நூறு இரவுகள் மூன்று ஆண்டுகளானது முதல் மாற்றம். இரண்டாவது மாற்றம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: எண்ணிப் பார்ப்பது.

ஆண்களும் பெண்களுமாக 20 பேர் கொண்ட குழு அமைந்தது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவர்களுக்கு ஒரு எளிய முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். 500 மீட்டருக்கு ஒரு கயிறு கட்டுங்க. பத்து மீட்டருக்கு ஒரு இடத்துல நின்னு, அங்க இருக்கிற மட்டியை எண்ணுங்க, அளந்து பாருங்க, எழுதுங்க. தம்புவுக்குள்ளேயும் எண்ணுங்க, நீரோட்டம் போற திசையில வெளியேயும் எண்ணுங்க. கூட்டிக் கழித்துச் சராசரி பார்ப்பது வரை குழுவே செய்தது. ஆய்வுக்கூடம் வேண்டாம், கருவி வேண்டாம்.

பூட்டினால் ஏன் பெருகுகிறது?

மட்டிக்கு ஆண், பெண் சந்திப்பு கிடையாது. ஆண் விந்தைத் தண்ணீரில் விடும், பெண் முட்டையைத் தண்ணீரில் விடும். இரண்டும் தண்ணீரில் கலந்தால்தான் கரு. மட்டிகள் நெருக்கமாக இருந்தால் கலக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் எல்லாம் வீணாகப் போய்விடும். ஆக, பாதி மட்டியை எடுத்தால் பாதி குஞ்சு குறையும் என்று கணக்குப் போட முடியாது. ஒரு அளவுக்குக் கீழே போனால் இனப்பெருக்கமே படுத்துவிடும்.

இன்னொன்று, பெரிய மட்டி சின்ன மட்டியைவிட ரொம்ப அதிகமாக முட்டையிடும். நாம் முதலில் எடுப்பது எதை? பெரியதை. பூட்டிய இடத்தில் மட்டிகள் நெருக்கமாகவும் பெரிதாகவும் ஆகின்றன. பிறக்கும் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்துபோய் வேறு இடத்தில் இறங்கும். அவற்றுக்குத் தம்பு எல்லை தெரியாது. எல்லை தாண்டிப் போய் விழுந்தால், அது ஊர்ப் பெண்களின் மூட்டைக்கு. வங்கிக் கணக்கில் அசலைத் தொடாமல் வட்டியை எடுப்பது போல.

எண்ணிக்கை என்ன சொன்னது? 1997-லிருந்து 2004 வரையான கணக்கில், எடுக்கத் தகுந்த மட்டிகள் தம்புவுக்குள் சுமார் 13 மடங்கு. தடையே இல்லாத பக்கத்து இடத்தில் சுமார் 5 மடங்கு. எட்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிய மட்டிகள் சாதாரணமாகத் தென்படத் தொடங்கின. மூன்று ஆண்டுக்கு என்று போட்ட தம்புவைக் காலவரையின்றி நீட்டித்தார்கள்.

தம்பு பலிக்கும்னு அந்த ஊர்ப் பெரியவங்க ஏற்கெனவே நம்பினாங்க. எண்ணிக்கை அந்த நம்பிக்கைக்கு ஒரு நாக்கைக் கொடுத்துச்சு. "எத்தனை நாள்தான் மூடி வெப்பீங்க?"ன்னு கேக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு, "போன வருஷம் இவ்ளோ, இந்த வருஷம் இவ்ளோ"ன்னு காட்ட முடிஞ்சது. அந்தத் தாளில் இருப்பது அவருடைய மனைவியோ தங்கையோ எண்ணிய எண். பல்கலைக்கழகம் எண்ணிச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

பக்கத்து ஊர்கள் பார்த்தன, தாங்களும் ஆரம்பித்தன. ஒரு ஊரில் அலையாத்திக் காட்டுச் சேற்றில் வளை தோண்டி வாழும் ஒரு வகை இறாலுக்குத் தம்பு. அதைப் பிடித்து எண்ண வேண்டாம், சேற்றில் இருக்கும் வளைகளை எண்ணினால் போதும் என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். 2001-இல் இந்த ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரு வலையமைப்பு உருவானது. 2002-இல் ஜோகன்னஸ்பர்க் உலக மாநாட்டில் அதற்கு ஐ.நா. சார்ந்த ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. சில ஆண்டுகளில் நூறுக்கும் மேற்பட்ட சமூகங்கள்.

ஜோஹன்னஸை நினைவிருக்கா? 1978-இல் மரபு முறைகளின் அழிவைப் பற்றி எழுதியவர். 2002-இல் இன்னொரு கட்டுரை எழுதினார். பசிபிக்கில் ஊர்கள் நடத்தும் கடல் பாதுகாப்பின் மறுமலர்ச்சி என்பது அதன் பொருள். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். தான் எழுதிய இரங்கல் குறிப்பைத் திருத்தி எழுதும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சாவி யார் கையில்?

இங்கேயே முடிச்சா நல்ல ஃபீல் குட் எபிசோடா இருக்கும். ஆனா மிச்சத்தையும் சொல்லாட்டி அது பாதிக் கதை.

தம்பு வைத்த ஊர்கள் அவ்வப்போது அதைத் திறப்பதும் உண்டு. தலைவர் வீட்டுச் சாவு, சர்ச்சுக்கு நிதி, பெரிய விருந்து. பல ஆண்டு சேர்த்ததைச் சில நாட்களில் வாரிவிட முடியும். ராத்திரியில் வெளியூர்ப் படகு வந்து பிடித்துப் போனால், ஊரின் காவலர்களிடம் படகும் எரிபொருளும் இருந்தால்தானே துரத்த முடியும்? 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் பிஜியைப் புரட்டிப்போட்டது. 44 பேர் இறந்தார்கள், தோட்டங்கள் அழிந்தன. அப்போது சில ஊர்கள் தம்புவைத் திறந்தன. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பஞ்சத்துக்கு உதவாத சேமிப்பு எதுக்கு?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. தம்பு வேலை செய்வதற்கு அடிப்படை, இது எங்கள் கடல் என்ற உரிமை. 'எங்கள்' என்று சொல்லும்போதே யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். பிஜியில் வெளியே நிற்பவர்களில் அந்தக் கரும்புத் தோட்டத்து வம்சமும் உண்டு. பல தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், கடலில் தொழில் செய்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் ங்கோலிங்கோலியில் வியாபாரத்துக்கு மீன் பிடிக்க உரிமமும், அந்தக் குலத் தலைவரின் சம்மதமும் வேண்டும்.

2006-இல், கடலடி நிலத்தின் உடைமையையே பழங்குடிக் குலங்களுக்கு மாற்றித் தர அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. ராணுவத் தளபதி எதிர்த்தார், கடற்கரை ஹோட்டல் முதலாளிகள் பயந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, பிணக்குக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த மசோதாவும் ஒன்று.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. தன் வரப்பு என்று தெரிந்ததால்தான் உதுனிவனுவா மூன்று ஆண்டு பட்டினியைத் தாங்கியது. எல்லோருக்கும் பொது என்றால், நான் விட்டதை இன்னொருவன் எடுப்பான் என்று யாரும் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒப்பந்தக் கூலியாகக் கொண்டுவரப்பட்டவரின் கொள்ளுப்பேத்திக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பங்கும் கிடையாதா? இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கடலைக் காப்பாத்தணும்னு பேசும்போது இந்தக் கேள்வியை மறைச்சு வெச்சுட்டுப் பேசக்கூடாதுன்னு மட்டும் தோணுது.

மறுபடி மீன் மார்க்கெட்

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் 2001-இல் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017-இலிருந்து அது 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இது அரசு போடும் பூட்டு.

நம் கரையில் ஊர் போட்ட பூட்டுகளும் உண்டு. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதை முறை வைத்து, சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். வலை எண்ணிக்கைக்கும் அதனால் ஒரு கட்டுப்பாடு. அங்கேயும் அதே சிக்கல்: பாடு உரிமை சில ஊர்களின் ஒரு சமூகத்துக்கு. அதே ஏரியை நம்பி வாழும் மற்றவர்கள் நீண்டகாலமாக வெளியே நின்று உரிமை கேட்டார்கள்.

61 நாளை எப்போ வைக்கணும், எங்க வைக்கணும்னு முடிவு பண்ணும்போது, கடல்ல நாற்பது வருஷம் வலை போட்ட ஒருத்தரோட குரல் எவ்வளவு கேக்குது? தடை முடிஞ்சப்புறம் எது எவ்ளோ கூடுச்சுன்னு கரையில இருக்கிறவங்களே எண்ணி, அவங்க கையாலேயே எழுதி வெச்சிருந்தா எப்படி இருக்கும்?

தடைக்காலம் முடிஞ்சு மறுபடி அந்த மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்கார அக்காகிட்ட, "தடைக்காலத்துக்கு அப்புறம் மீன் நிஜமாவே கூடுதாக்கா?"ன்னு கேட்டேன். அவங்க பதில் சொல்லல. கூடையைச் சாய்ச்சு அடியில இருந்த மீனைக் காட்டினாங்க. "இந்த சைஸைப் பாரு. முன்னாடி எல்லாம் இதை நாங்க விக்கவே மாட்டோம், கருவாட்டுக்குப் போட்டுடுவோம்"னாங்க.

உதுனிவனுவா பெண்களுக்கு அரை மூட்டை. இவங்களுக்குக் கூடையோட அடி. இவங்க அளவை இங்கே யாரும் இன்னும் எழுதி வைக்கல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க கடற்கரையில இப்படிப் பழைய வழக்கம் ஏதாவது இருந்தா, பெரியவங்ககிட்டக் கேட்டு எங்களுக்கு எழுதுங்க.